பீச்ல நகை தொலைஞ்சா மெட்டல் டிடெக்டர் (உலோகம் இருந்தா சத்தம் போட்டு காட்டுற மெஷின்) வெச்சு தேடுறது எப்படி

மோதிரமோ செயினோ மணல்ல விழுந்துடுச்சுன்னு தெரிஞ்ச உடனே எல்லாரும் கையால மணல அள்ளி அள்ளி தேட ஆரம்பிச்சிடுவாங்க, தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. மேலாக கிடந்தது மிதிபட்டு இன்னும் கீழ போயிடும். மொதல்ல உட்கார்ந்த இடத்துல ஒரு குச்சிய நட்டு வைங்க, பின்னாடி லைட் கம்பமோ கடையோ தெரியுற மாதிரி ரெண்டு பக்கத்துல இருந்து போட்டோ எடுங்க. போன்ல லொக்கேஷனும் சேவ் பண்ணலாம், ஆனா அது சில மீட்டர் தள்ளி காட்டும், அதனால போட்டோ தான் முக்கியம். துண்டு எங்க உதறினீங்க, சன்ஸ்கிரீன் தடவ மோதிரத்த எங்க கழட்டினீங்க, பால் எங்க விளையாண்டீங்கன்னு அப்பவே யோசிச்சு வைங்க.

காஞ்ச மணலுக்கு சாதா டிடெக்டரே போதும். ஈர மணல் தான் தொல்லை, உப்புத் தண்ணி கரண்ட கடத்துறதால சிங்கிள் ஃப்ரீக்வென்சி மெஷின் (ஒரே அலைவரிசைல வேலை செய்யுறது) சும்மா சும்மா கத்தும். மைன்லேப் ஈக்வினாக்ஸ் மாதிரி மல்டி ஃப்ரீக்வென்சி மெஷின் (ஒரே நேரத்துல பல அலைவரிசைல வேலை செய்யுறது) கிடைச்சா நல்லது, இல்லன்னா சென்சிட்டிவிட்டிய குறைச்சு அந்த ஈர மணல்லயே கிரவுண்ட் பேலன்ஸ் (மணலுக்கே மெஷின் கத்தாம இருக்க செய்யுற செட்டிங்) பண்ணிக்கோங்க.

இப்ப நான் அழுத்தி சொல்ற விஷயம், டிஸ்கிரிமினேஷன (வேண்டாத உலோகத்துக்கு மெஷின் சத்தம் போடாம இருக்க வைக்கிற செட்டிங்) ஏத்தி வெச்சு குப்பைய வடிகட்டாதீங்க. தங்க மோதிரத்துக்கு மெஷின் திரைல வர்ற நம்பரும், சிகரெட் பாக்கெட் ஃபாயில், டின் மூடியோட வளையம் இதுக்கெல்லாம் வர்ற நம்பரும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், குப்பைய தள்ளினா தங்கமும் சேர்ந்து போயிடும். மெல்லிசு செயின் இன்னும் கஷ்டம், மெஷினுக்கு அது ஒரு செயினா தெரியாது, தனித்தனி கண்ணியா தான் தெரியும், அதனால சிக்னல் ரொம்ப லேசா வரும், பல சமயம் கொக்கியோ டாலரோ தான் காட்டிக் கொடுக்கும். வெள்ளிக் கொலுசு பரவால்ல, நல்லா சத்தம் போடும்.

கயிறு கட்டி பாத்தி பாத்தியா பிரிச்சுக்கோங்க. காயில் (மெஷினோட அடில இருக்குற வட்டத் தட்டு) மணல ஒட்டினாப்ல போகணும், வீசுற கடைசில மேல தூக்கக்கூடாது, ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சு மேல பாதி விழணும், முடிச்சதும் அதே இடத்துல குறுக்கால ஒரு தடவ. சிக்னல் வந்தா சுத்தி வளைச்சு தோண்டி மணல பக்கத்துல பரப்புங்க, குழில காட்டுதா குவியல்ல காட்டுதான்னு மறுபடி பாருங்க, கடைசியா குழிய மூடிடுங்க.

தண்ணில விழுந்திருந்தா நாள் கடத்தாதீங்க, தங்கம் கனம், அலை அடிக்க அடிக்க கீழ இறங்கிட்டே இருக்கும். அமாவாசை பௌர்ணமிய ஒட்டி தண்ணி கொஞ்சம் அதிகமா உள்வாங்கும், அந்த நேரம் பாருங்க.

ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் சென்னை கரைல ஆமை முட்டை போடும், முட்டை கண்ணுல பட்டா தோண்டுறத அங்கயே நிறுத்திடுங்க. மாமல்லபுரம் கடற்கரைக் கோவில் மாதிரி தொல்லியல் துறை இடத்துல டிடெக்டரோட போகவே போகாதீங்க. மண்ணுக்குள்ள புதைஞ்ச பழங்காசு, புதையல் மாதிரி எதாவது கிடைச்சா, 10 ரூபா மதிப்புக்கு மேல இருந்தாலே கலெக்டருக்கு சொல்லணும்னு 1878 சட்டம் இருக்கு.

தேடும்போது வேற யாரோட நகையாவது கிடைச்சா ஸ்டேஷன்ல ஒப்படைங்க. அந்த நகையோட போட்டோவ அப்படியே வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, உள்ள என்ன பேரு பொறிச்சிருக்கு, என்ன கலர் கல்லுன்னு கேக்குறவங்களே சொல்லட்டும்.