பல்லவியின் முதல் வரி ஒட்டிக்கொள்ள

பாட்டு முடிந்து அரை மணி நேரம் கழித்தும் வாய் முணுமுணுக்கிற துண்டுக்குப் பெயர்தான் ஹூக். நம் சினிமாப் பாட்டில் பெரும்பாலும் அது பல்லவியின் முதல் வரி. வரிகளை எழுதிவிட்டு மெட்டைத் தேடுவதைவிட, முதலில் மெட்டைத் தத்தகாரத்தில் (சொல்லுக்குப் பதில் ‘தா, தனனா’ என்று பாடி) பிடிப்பது சுலபம்.

தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 100 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 100 தட்டில், ஓடவிடுங்கள். 8 தட்டுக்கு 4.8 விநாடி, ஹூக் அதற்குள் முடிந்துவிட வேண்டும். இப்போது பாடுங்கள்: ‘தா தனனா தா, தா தனனா தா’. நெடிலுக்கு ஒரு தட்டு, குறிலுக்கு அரைத் தட்டு. மோகன ராகத்தில் இப்படி வைத்துப் பாருங்கள் (காற்புள்ளி உள்ள ஸ்வரம் ஒரு தட்டு, இல்லாதது அரைத் தட்டு):

க, ரி க ப, க,
க, ரி க த, ப,

இரண்டு பாதியிலும் முதல் மூன்று ஸ்வரம் ஒன்றேதான். காது பழகிப்போய் அடுத்தும் பஞ்சமம்தான் (ப) வரும் என்று காத்திருக்கும்போது தைவதத்துக்கு (த) தாவுகிறோம். பிடிமானம் அந்த ஓர் இடத்தில்தான். இரண்டாம் பாதியை முழுக்க மாற்றினால் கேட்பவர் இரண்டு மெட்டைச் சுமக்க வேண்டும். கொஞ்சமும் மாற்றாவிட்டால் எல்.கே.ஜி. பாட்டாகிவிடும். வீச்சு ரி முதல் த வரைதான், குளியலறைப் பாடகருக்கும் எட்டும். மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’) சரணத்துக்கு மிச்சம் வையுங்கள்.

இனி சொல். ‘வா மழையே வா, தேன் துளியே தா’ என்று போட்டால் அப்படியே உட்காரும். ‘ழை’ நெடிலாயிற்றே, அரைத் தட்டில் எப்படி என்று கேட்கலாம். சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் 1 மாத்திரையாகக் குறுகும் என்கிறது இலக்கணம். நாக்கும் அப்படித்தான் சொல்கிறது.

பெரும்பாலான ஹூக் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். நெடில் இடத்தில் குறிலை வைத்து இழுத்தால் ‘மலை’ ‘மாலை’ ஆகும், ‘படம்’ ‘பாடம்’ ஆகும். அப்போது மெட்டைத் தொடாதீர்கள், சொல்லை மாற்றுங்கள். வரியின் கடைசியில் ‘காற்று’, ‘பாட்டு’ போன்ற குற்றியலுகரச் சொல் வந்தால் நீட்ட வழியில்லை. நீட்டினால் ‘பாட்டூ’ என்று அசிங்கமாகக் கேட்கும். ஆ, ஏ, ஓ முடிவுகள் தொண்டையைத் திறந்துவிடும். உச்ச ஸ்வரத்தில் ‘ஈ’ வைத்தால் பல குரல்கள் இறுகிவிடும். மூச்சு விடும் இடத்தையும் பாருங்கள்: ‘பூ விலங்கு’ என்று எழுதியதைப் பாடகர் ‘பூவில் அங்கு’ என்று பிரித்தால் அர்த்தமே வேறு.

மெட்டு சரியாக இருந்தும் சப்பென்று தோன்றினால் எடுப்பை, அதாவது பாட்டு தொடங்கும் இடத்தை, மாற்றிப் பாருங்கள். சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) தொடங்காமல் அரைத் தட்டு தள்ளி எடுங்கள். கடைசி ‘தா’வில் அந்த அரைத் தட்டைக் குறைத்தால் கணக்கு சரியாகிவிடும். தாளக்காரர் முதல் தட்டைப் போட்டுவிட்டு நிற்க, குரல் பின்னாலிருந்து வந்து பிடிக்கும். துள்ளலுக்கு இது போதும், தனியாக டிரம்ஸ் ஏற்ற வேண்டாம்.

முதல் 30 விநாடிக்குள் ஹூக் ஒருமுறை வந்துவிடட்டும், குரலில் இல்லாவிட்டால் புல்லாங்குழலிலாவது. அடுத்தடுத்து இரண்டு முறை போதும். மூன்றாவது முறை வேண்டுமென்றால் கோரஸுக்குக் கொடுங்கள், அல்லது பின்னணியில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை (chord) மாற்றுங்கள். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவது எப்படியும் உண்டு.

சோதனைக்குக் கீபோர்டு, ரிதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, செல்போனில் வெறும் குரலைப் பதியுங்கள். பாடத் தெரியாத ஒருவருக்கு இரண்டு முறை போட்டுக் காட்டிவிட்டு வேறு பேச்சுப் பேசுங்கள். பத்து நிமிடம் கழித்து ‘அது எப்படிப் போகும்?’ என்று கேளுங்கள். சொல் மறந்திருந்தால் பரவாயில்லை. ‘த’வுக்குத் தாவாமல் மறுபடியும் ‘ப’விலேயே நின்றுவிட்டாரென்றால், தாவல் அவர் காதில் விழவே இல்லை, அந்த ஸ்வரத்தில் இன்னும் அரைத் தட்டு நின்று பாடிப் பாருங்கள்.