லீடர் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

வகுப்பு லீடர் ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பதற்குப் பதிலாக, கரும்பலகை துடைப்பது, நோட்டு அடுக்குவது, ஃபேன் அணைப்பது எனத் தனித்தனியாகப் பிரித்து, வருகைப் பதிவேட்டு வரிசைப்படி இரண்டு வாரத்துக்கு ஒருவரிடம் கொடுங்கள். அந்த இரண்டு வாரத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, பழைய ஆள்தான் புது ஆளுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஆசிரியர் அல்ல.

வரிசைப்படி போவதால் 'எனக்கு ஏன் தரலை மிஸ்?' என்ற பஞ்சாயத்து இல்லை, கடைசி பெஞ்சுக்கும் முறை வரும். அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டுமே என்று வேலையையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறார்கள். (ஒரு வாரம் போதாது, பழகுவதற்குள் முடிந்துவிடும்.)

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் தனி ஆளாகச் சரிவராது, ஜோடியாகப் போடுங்கள். காசு வசூல், பேசுபவர் பெயர் எழுதுவது, கழிப்பறை கழுவுவது எந்த வகுப்பிலும் இந்தப் பட்டியலில் வரவே கூடாது.