சர்வதேசக் குற்றவியல் சட்டத் தேர்வு: மதிப்பெண் நழுவும் இடங்கள்

ஒரு கிராமம் எரிக்கப்பட்டது, ஒரே இனத்தைச் சேர்ந்த நூறு பேர் கொல்லப்பட்டார்கள் என்று கேள்வி வந்தால், பல மாணவர்கள் முதல் வரியிலேயே ‘இது இனப்படுகொலை’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்தப் பாடத்தில் மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான் என்பேன். இறந்தவர்களின் எண்ணிக்கை இதைத் தீர்மானிப்பதில்லை. தேசியம், இனக்குழு, இனம், மதம் ஆகியவற்றில் ஒன்றால் அமைந்த குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதே கேள்வி. அரசியல் எதிரிகளை எத்தனை பேர் கொன்றாலும் அது 1948 இனப்படுகொலை உடன்படிக்கைக்குள் வராது.

கிர்ஸ்டிச் வழக்கை ஊன்றிப் படியுங்கள். 1995-இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலைதான் என்றது, முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க் குற்றங்களை விசாரிக்க ஐ.நா. அமைத்த யூகோஸ்லாவியா தீர்ப்பாயம். ஆனால் 2004 மேல்முறையீட்டில், போஸ்னிய செர்பியப் படையின் ஜெனரல் கிர்ஸ்டிச்சுக்கே அந்த நோக்கம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, இனப்படுகொலைக்கு உடந்தையாக இருந்தவர் என்ற அளவில்தான் தண்டித்தார்கள். 46 ஆண்டுச் சிறை 35 ஆனது. குற்றம் நடந்ததா என்பது ஒன்று, அதில் இவருடைய பொறுப்பு என்ன என்பது வேறொன்று. விடையில் இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பாதீர்கள்.

சரி, நோக்கம் தெளிவாக இல்லை என்றால்? மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்கு, அதாவது பொதுமக்கள் மீதான பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதலின் பகுதியாக நடக்கும் கொலை போன்றவற்றுக்குப் போங்கள். அங்கே அடுத்த தவறு காத்திருக்கிறது: எந்த நீதிமன்றத்தின் சட்டம் என்று பார்க்காமல் எழுதுவது. ஆயுத மோதல் நடந்திருக்க வேண்டும் என்பது யூகோஸ்லாவியா தீர்ப்பாயத்தின் நிபந்தனை; சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் அது கிடையாது. பதிலாக, அரசு அல்லது ஓர் அமைப்பின் கொள்கை பின்னால் இருக்க வேண்டும் என்கிறது. ‘சுடாவிட்டால் என்னைச் சுட்டிருப்பார்கள்’ என்ற வாதமும் இப்படித்தான். அப்பாவிகளைக் கொன்றவரை அது முழுதாக விடுவிக்காது என்று 1997-இல் எர்டெமோவிச் என்ற படைவீரரின் வழக்கில் யூகோஸ்லாவியா தீர்ப்பாயம் சொன்னது. ரோம் சட்டமோ 31-ஆம் பிரிவில், சில நிபந்தனைகளோடு அதை ஏற்கிறது.

தன் படையினர் செய்த குற்றங்களுக்காக சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் நின்ற காங்கோ தலைவர் பெம்பாவின் வழக்கை 2016 தண்டனையோடு நிறுத்திவிடுபவர்களும் உண்டு. 2018-இல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். படைத்தலைவரின் பொறுப்பைப் பற்றி எழுதும்போது அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் விடை பாதிதான்.

அப்புறம் அதிகார வரம்பு. உறுப்பினர் அல்லாத நாட்டுக்காரரை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தொடவே முடியாது என்று எழுதுவது தவறு. மியான்மர் உறுப்பினர் இல்லை, வங்கதேசம் உறுப்பினர். ரோஹிங்யா மக்கள் எல்லை தாண்டி விரட்டப்பட்டதால் குற்றத்தின் ஒரு பகுதி வங்கதேச மண்ணில் நடந்தது என்று ஏற்று, 2019-இல் விசாரணைக்கு அனுமதி தந்தார்கள். கேள்வியில் வரும் கற்பனை நாடுகளின் பெயருக்குப் பக்கத்தில் உறுப்பினரா, எப்போது சேர்ந்தது, குற்றம் யார் மண்ணில் என்று குறித்துக்கொண்டு, பிறகு எழுதத் தொடங்குங்கள்.