அப்பத்தாவை மாத்திரை போட வைக்க ஆப் எதுவும் வேண்டாம்

பிள்ளைகள் சென்னையில், அப்பத்தா உசிலம்பட்டியில் தனியாக, சுகரும் பிரஷரும் துணைக்கு. உடனே அவர் போனில் ஒரு ஹெல்த் ஆப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள், பாஸ்வேர்ட், ஓடிபி, ஆங்கிலம் என்று ஒரே வாரத்தில் கிடப்பில் போய்விடும். போனில் ஏற்கெனவே இருக்கிற அலாரம் போதும்.

பேத்தியை "அப்பத்தா, சாப்டாச்சா? மாத்திரையப் போடு" என்று பேசவைத்துப் பதிந்து, அதையே அலாரம் சத்தமாக வையுங்கள். நேரம் அவர் உண்மையில் சாப்பிடுகிற நேரமாக இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதை மருந்துச் சீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். போன் கட்டிலிலும் மாத்திரை டப்பா அடுப்படியிலும் இருந்தால் அலாரத்தை அமர்த்திவிட்டுப் படுத்துக்கொள்வார், அதனால் இரண்டும் ஒரே இடத்தில்.

போட்டதும் உங்களுக்கு ஒரு மிஸ்டு கால். காசநோய்க்கான 99டாட்ஸ் முறையே இப்படித்தான்: மாத்திரையைப் பிரித்தால் அட்டைக்குள் மறைந்திருக்கும் எண் தெரியும், அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மாத்திரை கணக்கில் ஏறிவிடும். ஆனால் நம் வீட்டில் கணக்கு மட்டும் போதாது, நீங்கள் திரும்பக் கூப்பிட வேண்டும், தினமும் முடியாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது. பதிலே வராத நம்பருக்கு எத்தனை நாள்தான் கூப்பிடுவார்? கூப்பிட்டு, "நேத்து ஏன் போடல" என்று விசாரணை வைத்தீர்களானால், மறுநாளிலிருந்து மாத்திரை போடாமலே மிஸ்டு கால் வரும்!

இது படிந்த பிறகுதான் பிரஷர் மெஷின். அளக்கும் முன் அரை மணி நேரம் காபி கூடாது, 5 நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில். பக்கத்து வீட்டுப் பையன் யாராவது திரையைப் போட்டோ எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்பட்டும். சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டால் ஆளாளுக்கு ஒரு கஷாயம் சொல்வார்கள். எண் கூடியிருக்கிறதென்று மாத்திரையை நீங்களே கூட்டக் குறைக்கக் கூடாது. சுகர் மெஷின் 70-க்குக் கீழே காட்டினால் மட்டும் போட்டோவெல்லாம் அப்புறம், முதலில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கட்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

தமிழக அரசு 2021-ல் கொண்டுவந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இருந்தாலும் அட்டை தீர ஐந்து நாள் இருக்கும்போதே உங்கள் போனில் ஒரு அலாரம் வையுங்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாளில், அத்தனை போட்டோக்களில் இருக்கும் எண்களையும் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், அந்தக் கூட்டத்தில் டாக்டருக்கு உங்கள் போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்க நேரம் இருக்காது.