கவுண்டி பாண்டு படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பாண்டு ஆவணங்களை, அதாவது கடன் பத்திர ஆவணங்களை, படிக்க எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள், தொடக்கத்தில் நான் அடித்த கூத்துகளையே திரும்ப அடிக்கிறார்கள். வட்டிக் கணக்கில் சறுக்குவதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை எக்செல் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டக் காசு இருக்கிறது, நடத்த?

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பாண்டு மூலம் திரட்டும் பணம் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் போகும். ஆட்களின் சம்பளம், கரண்ட் பில், சாப்பாட்டுச் செலவு எல்லாம் ஆண்டுதோறும் கவுண்டியின் பொது நிதியிலிருந்து வர வேண்டும்.

ஒரேகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரம் இருக்கும் மல்ட்னோமா கவுண்டியைப் பாருங்கள். 1996-இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட பாண்டில் வாபட்டோ சிறை எழுந்தது. செலவு சுமார் 5.8 கோடி டாலர், 525 பேரை அடைக்கலாம். 2004-இல் வேலை முடிந்தது. ஒரு கைதிகூட உள்ளே போகவில்லை, நடத்தப் பணமில்லை.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. அதே 1996-இல் ஒரேகன் மக்கள் சொத்து வரிக்குக் கடிவாளம் போடும் மெஷர் 47 என்ற வாக்கெடுப்புத் தீர்மானத்துக்கும் ஓட்டுப் போட்டார்கள். அடுத்த ஆண்டு மெஷர் 50 அதன் இடத்துக்கு வந்தது. வாக்காளர் ஒப்புதல் பெற்ற பாண்டுக்கான வரி இந்த வரம்புக்குள் வராது. அன்றாடச் செலவுக்கான வரி வரும். கடன் அடையும், கட்டடம் பூட்டிக்கிடக்கும். கடைசியில் 2018-இல் 50 லட்சம் டாலருக்கு விற்றார்கள். 2020-இல் வீடற்றவர்களுக்கான காப்பகம் அங்கே திறந்தது.

இதைச் சொன்னதும் ஒரு பையன் கேட்டான்: “கடன்தான் ஒழுங்கா அடையுதே சார், அப்புறம் என்ன?” அடுத்த பாண்டுக்கு ஓட்டுக் கேட்டு அதே மக்களிடம்தானே தம்பி போக வேண்டும்! கோப்பை மூடும் முன் இரண்டைத் தேடுங்கள்: திறந்தபின் ஆண்டுக்கு எவ்வளவு செலவு, அதற்கான வருவாய்க்குச் சட்ட வரம்பு உண்டா. விடை கிடைக்காவிட்டால் கவுண்டி நிதி அலுவலகத்துக்குப் போன் போடுங்கள்.

மாறும் வட்டியை மலிவென்று எண்ணுவது

அலபாமாவின் ஜெஃபர்சன் கவுண்டி, சாக்கடைச் சீரமைப்புக்கு வாங்கிய சுமார் 300 கோடி டாலர் கடனில் பெரும்பகுதியை 2002, 2003-இல் மாறும் வட்டிக்குத் தள்ளியது. 2008-இல் பாண்டுக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனங்களின் கடன் தரமதிப்பீடு சரிந்ததும் வட்டி எகிறியது. 2011 நவம்பரில் கவுண்டி திவால். சாக்கடைக் கட்டணம் கட்டிய வீடுகள்தான் பாவம்.

பாண்டு வட்டிக்கான வரிவிலக்கு தானாக நிலைக்கும் என்ற நம்பிக்கை

கட்டடத்தில் தனியார் வியாபாரத்துக்கு இடம் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். விடும் முன் பாண்டு வக்கீலைக் கேளுங்கள்.

வட்டியைப் பிறகு பார்த்துக்கொள்வது

வட்டியை அவ்வப்போது கட்டாமல், சேர்த்துக் கடைசியில் கட்டும் பாண்டும் உண்டு. இதற்கு உதாரணம் கவுண்டி அரசு அல்ல, கலிபோர்னியாவின் சான் டியேகோ கவுண்டியில் உள்ள போவே பள்ளி மாவட்டம் (அங்கே பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு). 2011-இல் வாங்கியது சுமார் 10.5 கோடி டாலர். திருப்பித் தர வேண்டியது கிட்டத்தட்ட 98 கோடி. 2013-இல் கலிபோர்னியா, இந்த வகைப் பாண்டில் பள்ளி மாவட்டங்கள் அசலைப் போல் 4 மடங்குக்கு மேல் திருப்பித் தரக்கூடாது என்று சட்டம் போட்டது.