நகைச்சுவைக் காட்சி எழுதுவது எப்படி? முதலில் கதை, அப்புறம் சிரிப்பு

புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் ஜோக்குகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவற்றைச் சொல்ல ஆள் தேடுகிறார்கள். படிக்கும்போது சிரிப்பு வரும். நடித்தால் காட்சி நகராது. இதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள்.

1. ஜோக்கே இல்லாமல் தொடங்குங்கள்

யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார். பைக் வாங்கித் தருவதாகச் சொன்ன மாமனாரிடம் பணம் இல்லை. பேச்சு அங்கே போய்விடுமோ என்று பயந்து, மாப்பிள்ளை வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு ஜாங்கிரியைத் திணிக்கிறார். மாப்பிள்ளை சொல்ல வந்ததோ பைக் வேண்டாம் என்று.

ஒரு ஜோக்கும் இல்லை. ஆனாலும் சிரிப்பு எங்கிருந்து வரும் என்று இப்போதே தெரிகிறது.

2. பார்ப்பவருக்கு எப்போது தெரிய வேண்டும்?

மாப்பிள்ளை தன் மனதில் இருப்பதை மனைவியிடம் முன்பே சொல்லிவிட்டால், ஒவ்வொரு ஜாங்கிரிக்கும் அரங்கம் சிரிக்கும். மறைத்து வைத்தால் கடைசியில் ஒரே ஒரு பெரிய சிரிப்பு. நான் முதல் வழியைத்தான் எடுப்பேன். அதில் மாமனார் மேல் பரிவும் வருகிறது.

3. கேட்பவருக்கும் எழுதுங்கள்

1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில், படம் எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்வார். பேசுவது நாகேஷ்தான். ஆனால் பாலையா முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் பயம் இல்லாவிட்டால் காட்சியே இல்லை. உங்கள் பிரதியிலும் ஒருவர் பேசும்போது மற்றவர் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள்.

4. திருப்பத்தை வரியின் கடைசியில் வையுங்கள்

"பைக் வேண்டாம்னு சொல்லத்தான் மாமா காலையிலேர்ந்து வாயைத் திறக்கிறேன்." இதில் விஷயம் முதலிலேயே வெளிவந்துவிடுகிறது. மாற்றிப் பாருங்கள்: "காலையிலேர்ந்து நான் வாயைத் திறக்கிறது எதுக்கு மாமா? பைக் வேண்டாம்னு சொல்ல!"

அதற்குப் பிறகு விளக்கம் வேண்டாம். மாமனார் கையிலிருக்கும் ஜாங்கிரியைத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளட்டும்.

5. வெட்டுங்கள்

மாமியாருக்கு ஒரு பிரமாதமான அரசியல் கவுன்டர் தோன்றும். அவர் அப்படிப் பேசக்கூடியவர் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். நிறத்தையும் உடம்பையும் கிண்டல் செய்யும் வரிகளும் வேண்டாம். அவை மனிதரைப் புண்படுத்துகின்றன. யாருக்கும் பொருந்துவதால், இந்தப் பாத்திரத்தைப் பற்றி எதுவும் சொல்வதும் இல்லை.

6. சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்

இரண்டு நண்பர்கள் படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில் வாக்கியம் நீளம். சிரிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த வரியில் கதைக்குத் தேவையான தகவல் இருந்தால், அரங்கச் சிரிப்பில் அது கேட்காது. ஒரு வரி தள்ளி வையுங்கள்.