24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் ரேடியோவும் ஃபேனும் மாட்டுவது எப்படி

லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்துத்தான் 24 வோல்ட் எடுக்கிறார்கள். அப்படியானால் ஒரு பேட்டரியில் மட்டும் வயர் இழுத்தால் 12 வோல்ட் கிடைத்துவிடுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கார் ரேடியோவை அப்படியே மாட்டினேன், நன்றாகத்தான் பாடியது. சில மாதம் கழித்து ஒரு காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு பேட்டரியில் 12.7, வயர் எடுத்ததில் 11.8.

காரணம் இதுதான். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துத்தான் சுமார் 28 வோல்ட் கொடுக்கிறது. ரேடியோ ஒன்றிலிருந்து மட்டும் உறிஞ்சுகிறது. அந்த ஒன்று நிறையவே நிறையாது. மற்றதோ அளவுக்கு மேல் சார்ஜ் ஏறி, தண்ணீர் வற்றி, சீக்கிரம் கெடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இரண்டு பேட்டரியும் வீணாகும்.

24-இலிருந்து 12-க்கு இறக்கும் கன்வர்ட்டர் வாங்குங்கள். எத்தனை ஆம்ப் என்பதுதான் கேள்வி. என் ரேடியோவின் பின்னால் 10 ஆம்ப் ஃபியூஸ் இருந்தது. ஃபேன் 24 வாட், அதாவது 2 ஆம்ப். மொத்தம் 12. நான் 20 ஆம்ப் வாங்கினேன். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் சில நொடிகள் மட்டும் தாங்கும் அளவு. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதைத் தேடிப் படியுங்கள்.

12 ஆம்ப் எடுத்தாலும் 24 வோல்ட் பக்கம் ஏறக்குறைய 8 ஆம்ப்தான் ஓடும். அதனால் அங்கே 10 ஆம்ப் ஃபியூஸ் போதும். அதைப் பேட்டரி பிளஸ்ஸுக்கு ஒட்டியே போடுங்கள். வழியில் வயர் உரசி எர்த் ஆனால் காப்பாற்றுவது அதுதான். கன்வர்ட்டரை ரிலே (மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்ச்) வழியாகச் சாவியோடு சேர்த்துவிடுங்கள், சாவியைத் திருப்பினால்தான் அது ஓடும். ரேடியோ ஸ்டேஷன் நினைவு அழிந்துபோகும், உண்மைதான். ஆனால் அதற்காகக் கன்வர்ட்டரை இரவெல்லாம் விழித்திருக்க விட எனக்கு மனமில்லை. ரிலேயை இயக்கும் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) 24 வோல்ட்டுக்கானதாக இருக்கட்டும். 12 வோல்ட் ரிலே கருகிவிடும்.

அப்புறம், ரேடியோவைச் சேர்க்கும் முன் எஞ்சினை ஓட விட்டு, கன்வர்ட்டர் வெளியே தருவது 12-க்கும் 14-க்கும் நடுவில் நிற்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். முதலில் ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டி எரிய விடுங்கள். பழுதான கன்வர்ட்டர் என்றால் போவது பல்போடு போகட்டும்.

போன் சார்ஜருக்கு இதெல்லாம் வேண்டாம். மேலே 12-24 வோல்ட் என்று இருந்தால் நேராகச் செருகலாம். இரண்டு 12 வோல்ட் பல்புகளைத் தொடராகப் போட்டும் 24-இல் எரிக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே வாட் இருக்க வேண்டும். வேறுபட்டால் வாட் குறைந்ததுதான் அதிக வோல்ட்டை வாங்கிக்கொண்டு முதலில் போகும்.

ரேடியோவில் இரைச்சல் வந்தால் ஆன்டெனா வயரைக் கன்வர்ட்டரை விட்டு விலக்கி இழுத்துப் பாருங்கள். எனக்கு அதிலேயே சரியானது.